நடுநிலைப்பள்ளியின் கல்வித் திட்டம்: பெற்றோரும் ஆசிரியரும் கூடி வகுக்கும் முறை

நம் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றின் முகப்பில் “ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி” என்னும் பெயரை இன்றும் காணலாம். 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்தபோது, தொடக்கக் கல்வியின் நிர்வாகமும் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 1981-இல் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். எனினும் பெயர் மாறவில்லை. ஊராரின் பொறுப்பும் நீங்கிவிடவில்லை.

காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் விளங்கிய காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. மக்கள் நிலமும், பலகையும், பெஞ்சும், பிள்ளைகளுக்கு உடையும் மனமுவந்து அளித்தனர். அன்றைய தேவை பொருள். இன்றோ மற்றொரு தேவை முன்நிற்கிறது. பிள்ளைகள் எதைக் கற்றனர், எதைக் கல்லாது விட்டனர் என்பதைப் பெற்றோர் அறிந்து, அதற்கேற்ற திட்டத்தை ஆசிரியருடன் அமர்ந்து வகுத்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது யாது?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றை விதித்துள்ளது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நம் மாநிலத்தில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

இக்குழுவின் தலையாய கடமை பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதாகும். நடுவண் அரசின் மாதிரி விதிகள் இதனை மூன்றாண்டுத் திட்டமாகவும், ஆண்டுக்கொரு உட்பிரிவாகவும் வகுக்கச் சொல்கின்றன. வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, கூடுதல் ஆசிரியர், கட்டடமும் கருவிகளும், இவற்றிற்கான செலவு ஆகியவை அதில் இடம்பெறும். ஆசிரியர்கள் பெற்றோரைத் தவறாது கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவில் உள்ளது. ஆகவே பாடத்தைப் பற்றி வினவுவது ஆசிரியர் வேலையில் தலையிடுவதாகாது; பெற்றோரின் உரிமையே ஆகும்.

நடைமுறையில் நிகழ்வது யாது? சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி ஆகியவை எளிதில் தீர்மானமாகின்றன. அவை இன்றியமையாதவையே. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறதா என்னும் வினா பல கூட்டங்களில் எழுவதேயில்லை. சுவர் இடிந்தால் ஊரார் கண்ணுக்குத் தெரியும்; வாசிப்பில் பிள்ளை பின்தங்கினால் எட்டாம் வகுப்பு முடியும்வரை தெரியாமலே போகக்கூடும். அங்ஙனம் பின்தங்கிய பிள்ளையே ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லத் தயங்கி வேலையை நாடுகிறது.

திட்டம் வகுக்கும் முறை

முதலாவது, கூட்டத்தின் நேரம். கோவையின் வடபாலுள்ள கணபதி, வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த பகுதி. அங்கிருந்து சத்தி சாலையில் சரவணம்பட்டி, கோவில்பாளையம் வழியே அன்னூர் நோக்கிச் சென்றால் தோட்டங்காடுகளைக் காணலாம். பட்டறையில் ஷிப்டு வேலை பார்க்கும் தந்தையும், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் களையெடுக்கச் செல்லும் தாயும் பகல் பதினொரு மணிக் கூட்டத்திற்கு வருதல் அரிது. வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆதலின் பெற்றோரைக் கேட்டு, மாலையிலோ விடுமுறை நாளிலோ நேரம் குறித்தல் நன்று.

இரண்டாவது, கற்றலின் நிலையை அறிதல். சூன் மாதத்திலேயே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் செய்து, ஒரு கழித்தல் கணக்கும் ஒரு வகுத்தல் கணக்கும் போடச் சொல்லலாம். இதற்குப் பெரிய தேர்வு வேண்டுவதில்லை. இன்ன வகுப்பில் இத்தனை பேருக்கு உதவி தேவை என்னும் எண்ணிக்கையே குழுவின் முன் வரட்டும்; பிள்ளையின் பெயரைச் சபையில் கூறுதல் ஆகாது. அதனை அப்பிள்ளையின் பெற்றோரிடம் மட்டும் தனியே கூறுக. உதவி தேவைப்படுவோர்க்கு நாள்தோறும் அரைமணி நேரம் எவ்வாறு ஒதுக்குவது என்பதே திட்டத்தின் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

மூன்றாவது, வருகை. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாட்களும் 1,000 மணி நேரமும் கற்பித்தல் வேண்டும் எனச் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஒரு நாள் தவறினால் ஏறத்தாழ நாலரை மணி நேரப் பாடம் போயிற்று. மாதம் இரண்டு நாள் வீதம் பத்து மாதம் நின்ற பிள்ளை, ஆண்டில் பதினொன்றில் ஒரு பங்கை இழக்கிறது. எந்த நாட்களில் வகுப்பு வெறிச்சோடும் என்பதைப் பெற்றோரே நன்கறிவர். மாரியம்மன் நோன்பு சாட்டிய நாட்கள், மஞ்சள் வெட்டும் காலம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்தும் நாட்கள் ஆகியவற்றை ஆசிரியரிடம் கூறினால், புதிய பாடங்களை அந்நாட்களில் தொடங்காது திட்டமிடலாம். பெற்றோரும் பிள்ளையை நிறுத்தும் நாட்களைக் குறைக்க உறுதி கூறவேண்டும்.

நான்காவது, ஆசிரியர் தேவை. இவ்வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்; கணிதமும் அறிவியலும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றிற்குக் குறைந்தது ஒவ்வொருவர் வேண்டும். எண்ணிக்கை 100-ஐக் கடந்தால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்குப் பகுதிநேரப் பயிற்றுநரும் தேவை. “ஆசிரியர் போதவில்லை” என்று பொதுவாக எழுதுவதினும், எந்தப் பாடத்திற்கு, எத்தனை பிள்ளைகளுக்கு என எண்ணோடு எழுதும் தீர்மானமே பயன் தரும்.

ஐந்தாவது, எட்டாம் வகுப்பிற்குப் பின். இவ்வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு ரூ. 12,000, ஆக நான்காண்டில் ரூ. 48,000 கிடைக்கும். இத்தேர்விற்கான பயிற்சியை ஏழாம் வகுப்பிலேயே தொடங்குதல் நலம். மேலும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 2024 ஆகஸ்டு 9-இல் கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டம் ஆகியவை ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளியைக் கணக்கில் கொள்பவை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதனை முன்கூட்டியே விளக்க வேண்டும். எட்டு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் எந்த உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தது என்பதைக் குழு சூன் மாதத்தில் சரிபார்த்தல் வேண்டும். தொலைவு காரணமாக ஒரு பெண் நின்றுவிட்டால், பேருந்து நேரத்தை மாற்றக் கோருவதும் கல்வித் திட்டத்தின் பகுதியே.

ஊராட்சியின் பங்கு

குழு வகுத்த திட்டத்தைக் கிராம சபையில் படித்துக் காட்டலாம். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் இதற்கு வாய்ப்பாக உள்ளன. ஆகஸ்டில் திட்டத்தை வைத்து, சனவரியில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பில் தேறினர் என்று கேட்டால், ஊர் முழுவதும் பள்ளியைக் கவனிக்கத் தொடங்கும்.

தாம் படிக்கவில்லையே என்று பெற்றோர் பின்வாங்க வேண்டியதில்லை. பாடம் நடத்தும் முறையை ஆசிரியர் அறிவார். பிள்ளை வீட்டில் புத்தகத்தைத் தொடுகிறதா, எதற்கு அஞ்சுகிறது, ஏன் நின்றது என்பதைத் தாயே அறிவாள். இவ்விரண்டு அறிவும் ஒரே பாயில் அமர்ந்து எழுதும் திட்டமே பள்ளிக்குப் பயன்படும். அடுத்த கூட்டத்தில், கட்டடத்தைப் பற்றிய தீர்மானத்திற்கு முன்பாக, “நம் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் நன்கு வாசிக்கின்றனர்?” என்னும் கேள்வியை அங்கத்தினர் ஒருவரேனும் எழுப்புவாராக.