அவசரக் கருத்தடை மாத்திரை: பயனும் பக்க விளைவுகளும்

தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் அவசரக் கருத்தடை மாத்திரை 2002-03 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. மருத்துவரின் சீட்டு இல்லாமலே இதனைக் கடைகளில் விற்க 2005 இல் அனுமதி கிடைத்தது. கிராமச் சுகாதாரப் பணியாளரான 'ஆஷா' கருத்தடைச் சாதனங்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் திட்டம் 2011 இல் 17 மாநிலங்களின் 233 மாவட்டங்களில் தொடங்கியபோது, இம்மாத்திரைக்கு நிர்ணயிக்கப்பட்ட விலை 2 ரூபாய். ஆகவே விலை ஒரு தடையன்று, காலந்தான் தடை.

பாதுகாப்பற்ற உடலுறவு நிகழ்ந்த 72 மணி நேரத்திற்குள், 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அடங்கிய ஒரு மாத்திரையை உட்கொள்ள வேண்டும். கருமுட்டை வெளிப்படுவதை இம்மருந்து தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிப்பட்ட பின்னர் இதனால் பெரும் பயன் விளைவதில்லை. எனவே மூன்று நாள் தவணை இருக்கிறதென்று காத்திருத்தல் தவறு. கரு தங்கிவிட்டால் இது அதனைக் கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரையோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் படித்தவர்களிடையிலும் உண்டு. இக்குழப்பத்தால் உரிய நேரத்தில் கேட்கக் கூசும் பெண், பின்னர் கருக்கலைப்பையே நாட நேரிடலாம்.

குமட்டல், தலைவலி, தலைசுற்றல், களைப்பு, மார்பில் நோவு ஆகியவை சிலருக்கு ஏற்படும். ஓரிரு நாளில் தணியும். உட்கொண்ட 2 மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. பெண்களை மிகுதியும் கலங்கச் செய்வது மாதவிலக்கு சில நாள் முன்பின்னாக வருவதே. ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடிவயிற்றில் கடும் வலி கண்டால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. பிற்கால மகப்பேற்றுக்கு இம்மாத்திரையால் ஊறில்லை.

மாதந்தோறும் இதனையே நம்பியிருப்பது சரியன்று. அடுத்து நிகழும் உடலுறவுக்கு முன்னர் உண்ட மாத்திரை காப்பளிக்காது. பால்வினை நோய்களையும் தடுக்காது. வழக்கமான பயனுக்கு 'மாலா-என்' மாத்திரையும் ஆணுறையும் அரசு நிலையங்கள் வாயிலாக வழங்கப்படுகின்றன.

காசநோய் மிகுந்த நம் நாட்டில் தனியே கூற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும், வலிப்பு நோய்க்கான ஃபினைட்டாய்ன், கார்பமாஸிப்பைன் போன்றவையும் இம்மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும். மாத்திரையைக் கொடுப்பவர், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதோடு, வேறு மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்பதையும் கேட்டறிவது இதனால்தான் அவசியமாகிறது. இத்தகைய பெண்களுக்கு 5 நாட்களுக்குள் 'காப்பர்-டி' பொருத்துவதே உறுதியான வழி. மாத்திரையைவிட அதிகக் காப்பளிக்கும் அச்சாதனம், விரும்பினால் தொடர்ந்து பல ஆண்டுகளுக்கும் பயன்படும்.