மதிப்பீட்டின் பெறுபேற்றை யாருக்கு, எப்படிச் சொல்வது?

வேலைத்திட்டம் ஒன்று முடிவடையும் தறுவாயில் மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். கொட்டில் கொட்டிலாகச் சென்று கேள்விகள் கேட்பார்கள். நாமும் தேநீர் கொடுத்து, உள்ளதைச் சொல்லி அனுப்பிவிடுவோம். அதன்பின் அந்த அறிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, உதவி வழங்கிய நிறுவனத்தின் அலுமாரியைச் சென்றடைகிறது. இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் பயிரிடும் குடும்பங்களுக்கோ, அடுத்த போகத்துக்கு விதைநெல் கிடைக்குமா என்பதே அந்த அறிக்கையில் தங்கியிருக்கலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு விவசாயச் சங்கம் பெரும்போகத்துக்கு 40 குடும்பங்களுக்குத் தலா 2 புசல் விதைநெல்லைக் கடனாகக் கொடுத்தது என வைத்துக்கொள்வோம். 31 குடும்பங்கள் திருப்பிக் கொடுத்தன. 9 குடும்பங்கள் கொடுக்கவில்லை. விசாரித்தபோது, 6 குடும்பங்களின் குத்தகைக் காணிகள் வாய்க்காலின் கடைசியில் இருந்தமை தெரிந்தது. கதிர் வரும் வேளையில் அங்கு தண்ணீர் எட்டவில்லை. மற்ற 3 குடும்பங்களும் அறுவடைக்கு முன்னரே மீண்டும் இடம்பெயர்ந்துவிட்டன.

உதவி வழங்கியோருக்கு எழுதும்போது தொகையும் கணக்கும் வேண்டும். ஆனால் "9 பேர் கட்டவில்லை" என்று ஓரிடத்திலும் காரணத்தை வேறோரிடத்திலும் எழுதக்கூடாது. இரண்டும் ஒரே பந்தியில் வரட்டும். கமநல சேவை நிலையத்துக்கு முழு அறிக்கை தேவையில்லை; வாய்க்கால் பற்றிய ஒரு பக்கமும் கையால் வரைந்த படமும் போதும்.

அங்கத்தவர்களுக்குச் சொல்வதே கடினமானது. வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். நிலத்தில் வாய்க்காலைக் கீறி, தலைப்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி எனப் பிரியுங்கள். கடன் தீர்த்த குடும்பத்துக்கு ஒரு புளியங்கொட்டை, தீர்க்காத குடும்பத்துக்கு ஒரு கல் வையுங்கள். எவருடைய காணி என்று குறிக்க வேண்டாம். கடைப்பகுதியில் 6 கற்கள் கிடப்பதைக் காண்பவர்கள், குடும்பங்களை விட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பாதிப் பேருக்கு விடயம் போய்ச் சேராது.

அந்த 9 பேரின் பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்கவே கூடாது. முகாமில் மறைவு குறைவு. அங்கு ஏற்படும் அவமானம் நெடுநாள் நிற்கும். இருக்கும் குடும்பங்களை முதலில் தனியே சந்தித்து, "உங்களைப் பற்றி இப்படி எழுதியுள்ளோம், சரிதானா?" என்று கேளுங்கள். வெளியே போகும் அறிக்கையிலும் பெயர்ப்பட்டியல் வேண்டாம். அது யார் கையில் சேரும் என்று எமக்குத் தெரியாது.

சொல்லும் விதம் மாறலாம், உண்மை மாறக்கூடாது. இயேசுவும் விதைப்பவன் உவமையைத் திரளான மக்களுக்குக் கதையாகச் சொல்லி, சீடர்களுக்குத் தனியே விளக்கினார். வெளியாரிடம் "எல்லாம் வெற்றி" என்றும் அங்கத்தவரிடம் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்றும் சொல்லும் சங்கங்களை என்னவென்று சொல்வது!

பங்களாதேஷில் அபிவிருத்திக்கான கிறிஸ்தவ ஆணைக்குழு 1990களின் நடுப்பகுதியில், ரிக் டேவிஸ் என்பவர் வகுத்த ஒரு முறையைக் கையாண்டது. கிராமங்களில் ஏற்பட்ட மாற்றங்களைக் களப்பணியாளர்கள் கதைகளாகத் திரட்டினர். ஒவ்வொரு மட்டத்தினரும் முக்கியமான கதைகளைத் தெரிந்து, தெரிந்த காரணத்தையும் எழுதி மேலே அனுப்பினர். அக்காரணத்தைக் கீழுள்ளவர்களுக்குத் திருப்பி அறிவிப்பதும் அம்முறையின் ஒரு பகுதியாகும்.

அடுத்த முறை மதிப்பீட்டாளர் வரும்போது, "பெறுபேற்றைச் சொல்ல எப்போது வருவீர்கள்?" என்று முதலிலேயே கேளுங்கள். சொல்லும் திகதியைச் சங்கக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.