நாய்களோடு ஒரு பூந்தோட்டம்

நாய் வளர்க்கும் வீட்டில் பூச்செடி நிற்காது என்பர். எங்கள் வீட்டில் முதலாண்டு நிகழ்ந்ததும் அதுவே. வீட்டின் முன்புறம் ஏறத்தாழ இரண்டு சென்ட் நிலம். அதில் வீரன், மணி என இரண்டு நாய்கள். வீரன் சிப்பிப்பாறை இனம். முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டு வந்த, ஒல்லியான, நெடுங்கால் நாய். மணி, தம்பி தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய். நாங்கள் நட்ட துலுக்கச் சாமந்தி நாற்றுகள் 20-இல் மூன்றாம் நாள் எஞ்சியவை இரண்டே. நாய்களைக் கட்டிப் போடு என்றார் அப்பா. செடியே வேண்டாம் என்றார் அம்மா. தாவரவியல் மாணவன் என்ற முறையில் இரண்டையும் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் நான் கற்றதையும், கற்கத் தவறியதையும் இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு வாரம் திண்ணையில் அமர்ந்து நாய்களைப் பார்த்தேன். தெருவில் யார் சென்றாலும் இரண்டும் சுற்றுச்சுவரை ஒட்டியே ஓடின. நாங்கள் பாத்தி கட்டியிருந்ததும் சுவரை ஒட்டியே! நாய்கள் நம் பாத்தியில் ஓடவில்லை. அவற்றின் பாதையில் நாம் பாத்தி கட்டியிருக்கிறோம் என்பது அன்றுதான் விளங்கிற்று. சுவரோரம் இரண்டடி அகலத்திற்கு மணல் கொட்டித் தடமாக விட்டுவிட்டு, பாத்திகளை உள்ளே தள்ளி அமைத்தேன். தடத்திற்கும் பாத்திக்கும் இடையே இட்லிப்பூச் செடிகளை நெருக்கமாக நட்டேன். வளைவுகளை மட்டும் சதுரமாக விடலாகாது. ஓடும் நாய் மூலையைக் குறுக்கே வெட்டித்தான் திரும்பும்.

அடுத்தது தோண்டுதல். இதைக் குறும்பு என்கிறோம். வெயில் காலத்தில் அது பெரும்பாலும் வெப்பத்தின் விளைவே. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும்; மற்றபடி நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக் கொள்கின்றது. சித்திரை வெயிலில், நன்றாகக் கொத்தி நீர் பாய்ச்சிய பாத்தியைக் காட்டிலும் குளிர்ந்த படுக்கை அதற்கு எங்கே கிடைக்கும்? வேப்பமர நிழலில் முழங்கால் ஆழத்திற்கு ஒரு குழி எடுத்து மணல் நிரப்பி, நண்பகலில் இரண்டு குடம் நீர் ஊற்றினேன். நான்கைந்து நாளில் இரண்டும் அங்கே இடம் பிடித்துக் கொண்டன. இளநாற்றுகளின் மேல் ஓட்டை மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து மூன்று வாரம் காத்ததும் உதவிற்று. முள் போட்டு வைக்கச் சிலர் சொன்னார்கள். பாதத்தில் குத்திச் சீழ் பிடித்தால் யார் பார்ப்பது?

நாயின் சிறுநீரில் செடி கருகுவது பற்றி ஒரு சொல். பெட்டை நாயின் சிறுநீர் அதிக நஞ்சு என்று கூறுவது சரியன்று. அது ஒரே இடத்தில் அமர்ந்து முழுவதையும் விடுகின்றது, கடுவன் ஆங்காங்கே சிறிது சிறிதாக விடுகின்றது, அவ்வளவே. யூரியாவும் உப்புகளும் ஓரிடத்தில் மிகும்போது, சவ்வூடு பரவலால் வேரிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகின்றது. உடனே ஒரு குடம் நீர் ஊற்றிவிட்டால் பெரும்பாலும் செடி பிழைக்கும்.

இவ்வளவும் செய்து, ஓராண்டில் முற்றம் பூத்துக் குலுங்கியது. தெருவே வந்து பார்த்தது. அந்த ஆண்டு மார்கழியில்தான் ரோஜாச் செடிகளுக்கு ஆமணக்குப் பிண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்து வைத்தேன். எலும்பின் வாசனைக்கு வீரன் வந்தான். இரவோடிரவாக இரண்டு செடிகளின் அடிமண்ணைத் தோண்டித் தின்றிருந்தான். காலையில் நன்றாகவே ஓடினான். செடி போயிற்றே என்று நான் அவனை அதட்டினேன். மாலையில் வாந்தி, மறுநாள் இரத்தமாகக் கழிந்தது. கால்நடை மருத்துவர் பார்த்தவுடன் கேட்ட முதற்கேள்வி, "செடிக்கு என்ன உரம் போட்டீங்க, தம்பி?" என்பதே. மாற்று மருந்து கிடையாது என்றார். நரம்பில் உப்புநீர் ஏற்றினார். மூன்றாம் நாள் விடியலில் வீரன் இறந்தான்.

ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் என்னும் புரதம் செல்லின் ரைபோசோமைச் சிதைத்துப் புரத உற்பத்தியை நிறுத்திவிடுகின்றது. அது நீரில் கரைவது, எண்ணெயில் கரையாதது. ஆகவே எண்ணெய் ஆட்டிய பின் நஞ்சு எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்குகின்றது. நன்றாகச் சூடேற்றினாலன்றி அழியாது. நோய்க்குறிகள் சில மணி கழித்தோ, ஒரு நாள் கழித்தோதான் தெரியும். இவை எனக்குத் தெரியாதவை அல்ல. ஆமணக்கு யூபோர்பியேசி குடும்பம் என்றும், அதன் விதையில் ரைசின் உண்டென்றும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். விடைத்தாளில் எழுதிய ஆமணக்கும், கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய பிண்ணாக்கும் ஒன்றே என்பது மட்டும் என் நினைவில் எழவில்லை.

அதன்பின் தோட்டத்தை மறுபடியும் பார்த்தேன், இம்முறை பாடப்புத்தகத்தோடு. மூலையில் செங்காந்தள். நம் மாநில மலர். திண்டுக்கல், கரூர்ப் பகுதிகளில் விதைக்காகவே பயிரிடப்படுவது. கலப்பை வடிவிலுள்ள அதன் கிழங்கில் கோல்ச்சிசின் உண்டு. செல் பிரிதலின்போது கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுத்து, குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க ஆய்வுக்கூடத்தில் பயன்படும் அதே பொருள்தான். நாய் கிழங்கைத் தின்றால், ஓயாது பிரியும் குடற்செல்களும் எலும்பு மச்சையும் முதலில் பழுதாகும். வாயிலருகே அரளி, இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தைத் தாக்குவன. வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுக்கு மருந்து எடுக்கின்றனர். அந்த மருந்துப் பொருளே மென்று தின்னும் நாய்க்கு நஞ்சு. ரோஜா, மல்லிகை, முல்லை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவற்றில் இத்தகைய அச்சமில்லை.

செங்காந்தளைக் கிழங்கோடு எடுத்துவிட்டேன். அரளி அம்மாவின் பூசைக்கு வேண்டும். அதை மாடியில் பெரிய தொட்டிக்கு மாற்றி, படிக்கட்டில் தட்டி அடைத்தாயிற்று. ரோஜாவுக்கு இப்போது நன்கு மக்கிய தொழுவுரம் மட்டுமே. சுவரோரத் தடத்தில் மணி தனியாக ஓடுகின்றது. இரண்டடித் தடத்தில் பாதிக்கு அறுகு முளைத்துவிட்டது. அதை நான் களையவில்லை.