வால்பாறை: தேயிலைக்கும் மழைக்காட்டுக்கும் நடுவே

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த வால்பாறை, பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆழியாறு அணையைக் கடந்ததும் தொடங்கும் மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் விரைந்து கடந்துவிடுபவர், இப்பயணத்தின் சிறந்த பகுதியையே இழந்துவிடுகிறார். ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சி முனையில் நின்றால் நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து கிடப்பதைக் காணலாம். அதையொட்டிய பாறைச் சரிவுகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்வதும் பல நாட்களில் கண்ணில் படும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டதால், இங்கிருந்த மழைக்காடு தோட்டங்களுக்கு நடுவே சிறுசிறு திட்டுகளாகச் சுருங்கிவிட்டது. துண்டுக் காடுகள் எனப்படும் இத்திட்டுகளில் ஒன்றான புதுத்தோட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்குகளைச் சாலையோரத்திலேயே பார்க்க முடிகிறது. அவை தரையிறங்காமல் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பயணிகள் நீட்டும் ஒரு பிஸ்கட் போதும், அவற்றைக் கீழே இறக்கிச் சக்கரங்களுக்கு இரையாக்க. எனவே எந்த விலங்குக்கும் உணவளிக்கவே கூடாது.

தோட்டச் சாலைகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், அருகில் யானை நிற்கிறது என்று பொருள். உள்ளூர் மக்களே கைபேசி வழியாக இயக்கும் இவ்விளக்கு, இருட்டிய பின் வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளர்களின் உயிர்காப்பு ஏற்பாடாகும். அதைக் கண்டால் முன்னேறாமல் திரும்பிவிடுவதே முறை.

மேற்கு நோக்கி ஓடும் சோலையாறு, நீராறு ஆகியவற்றின் நீரைச் சுரங்கக் கால்வாய்கள் வழியே கிழக்கே சமவெளிக்குத் திருப்பும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் முக்கிய அங்கமான சோலையாறு அணையையும் தவறாமல் காண வேண்டும். கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம். வழுக்குப் பாறைகளும் திடீர் ஆழங்களும் உள்ள பிற ஆற்றுப் பகுதிகளில் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டைகளும் மிகுதி என்பதால், முதன்முறை வருபவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதியான புல்மலைக்கு வனத்துறையின் சிறப்பு அனுமதி தேவை. அனுமதியின்றி அங்கே நுழைய முயல வேண்டாம்.