இதயம் எப்படி இறைக்கிறது? எப்போது தளர்கிறது?

தோட்டக் கிணற்றில் இயந்திரம் பூட்டி நீர் இறைத்தவர்களுக்கு இதயத்தின் வேலையை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இயந்திரம் கிணற்று நீரை இழுத்து வாய்க்காலில் தள்ளுகிறது. வாய்க்கால் அதைப் பாத்திகளுக்குக் கொண்டுபோகிறது. நமது உடலில் இந்த வேலையைச் செய்வது இதயமே.

இதயம் மூடிய கைமுட்டி அளவானது. வளர்ந்தவர் ஒருவரில் ஏறக்குறைய 300 கிராம் நிறையுள்ளது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 70 தடவை அளவில் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர். ஒரு நாளில் 7,000 லீற்றர். 200 லீற்றர் பரலில் நிரப்பினால் 35 பரல். ஆனால் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் மட்டுமே. அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. இந்த உண்மையை 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர் நூலாக எழுதி வெளியிட்டார்.

உண்மையில் இதயம் அருகருகே அமைந்த இரண்டு இயந்திரங்கள். வலப்பக்கம், உடலெங்கும் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தைச் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. அங்கே இரத்தம் ஒட்சிசனைப் பெறுகிறது. இடப்பக்கம் அந்த நல்ல இரத்தத்தை வாங்கி, பெருநாடி வழியாகத் தலை முதல் கால்வரை அனுப்புகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு சோணையறையும் கீழே ஓர் இதயவறையும் உள்ளன. இரத்தம் பின்னோக்கிப் பாயாதபடி நான்கு வால்வுகள் காவல் செய்கின்றன.

உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள புட்வால்வு பழுதானால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இழுத்த நீர் மீண்டும் கிணற்றுக்கே போகும். இயந்திரம் எவ்வளவு ஓடினாலும் பாத்தி நனையாது. இதய வால்வு பழுதானாலும் இதுவே நிலை.

இதயம் தளர்ந்தால்

இதயத் தளர்வு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. தேவையான அளவு இறைக்க அதனால் முடியவில்லை என்பதே பொருள். இடப்பக்கம் தளர்ந்தால் இரத்தம் சுவாசப்பையில் தேங்கும். படியேறினால் மூச்சு வாங்கும். நிமிர்ந்து படுக்க முடியாது. இரண்டு மூன்று தலையணை வேண்டும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டிவரும். வலப்பக்கம் தளர்ந்தால் காலும் கணுக்காலும் வீங்கும். விரலால் அமர்த்தினால் குழி விழும்.

இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இரத்தம் குறைவாக வருவதைக் கண்ட சிறுநீரகம், உடலில் நீர் போதாது என்று எண்ணி, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அடைபட்ட வாய்க்காலுக்கு மேலும் நீர் திறந்துவிட்டது போல வீக்கம் கூடுகிறது. இதனால்தான் வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றில் உப்பு மறைந்திருக்கிறது. நிவாரணப் பொருட்களை நம்பிச் சமைக்கும் நாட்களில் கருவாடே கறியாகிவிடுவதுண்டு. அப்போது அதை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, நோயாளிக்குச் சிறிதளவே கொடுக்கலாம்.

கால் வீக்கம் எல்லாம் இதயத்தால் வருவதல்ல. சிறுநீரக நோயாலும், ஈரல் நோயாலும், இரத்தசோகையாலும் வரலாம். எனவே வைத்தியரிடம் காட்டியே காரணத்தை அறியவேண்டும்.

காரணங்கள்

பெரியவர்களில் உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, நீரிழிவு, அதிக மதுபானம் ஆகியவை முக்கிய காரணங்கள். பிள்ளைகளில் நாம் கவனிக்கவேண்டியது வாதக் காய்ச்சல். இது தொண்டை நோவில் தொடங்குகிறது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற கிருமி தொண்டையில் தொற்றுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களின் பின் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து மற்ற மூட்டுக்கு மாறும் நோவும் வரலாம். மூட்டு நோ மாறிவிடும். ஆனால் இதய வால்வில் வடு தங்கிவிடலாம். 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள்.

ஒரே கொட்டிலில் பலர் நெருங்கிப் படுக்கும் இடங்களில் இக்கிருமி எளிதாகப் பரவும். ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதைச் சிறிதாக எண்ணக்கூடாது. தடிமனும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு தொண்டை நோகும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவோம். அவர் பெனிசிலின் கொடுத்தால், நோ குறைந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை கொடுப்போம். வாதக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும். ஊசி தவறினால் நோய் மீண்டும் வந்து வால்வை மேலும் கெடுக்கும்.

வால்வு பழுதான பெண் கருவுற்றால் அதை ஆரம்பத்திலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லவேண்டும். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. பழுதான வால்வுக்கு அது பெரும் சுமை.

நாம் செய்யக்கூடியவை

1. கிளினிக் கொப்பியைக் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையிலேயே வைப்போம். அவசரத்தில் எடுக்கும் பை அதுதான்.
2. புதிய இடத்துக்குப் போனதும் அண்மையிலுள்ள வைத்தியசாலையில் கொப்பியைக் காட்டிப் பதிவோம். குளிசை முடியும்வரை காத்திருக்கவேண்டாம்.
3. சுகமாக இருக்கிறது என்று குளிசையை நாமாக நிறுத்தவேண்டாம். குளிசை தொடர்வதாலேயே அந்தச் சுகம் இருக்கிறது.
4. இரண்டு மூன்று நாளில் உடல் நிறை 2 கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று எண்ணி வைத்தியரிடம் போவோம்.
5. திடீரென மூச்சு முட்டினால் நோயாளியைப் படுக்கவைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைப்போம். கட்டணமில்லாத அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வீட்டையும் வயலையும் விட்டுவந்தவர்களிடம் எஞ்சியிருப்பது உடல் உழைப்பு. அதைத் தாங்கும் இதயத்தைக் காப்பது குடும்பத்தைக் காப்பதாகும். அயலவரின் கொப்பியையும் பிள்ளையின் ஊசி நாளையும் நினைவூட்டுவதும் அயலவரை நேசிக்கும் ஒரு வழியே.

குழுவில் கலந்துரையாட

1. நமது இடத்தில் குளிசையை இடைநிறுத்தியவர்கள் உண்டா? ஏன் நிறுத்தினார்கள்?
2. கிளினிக் நாளில் பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிச்செல்ல நமக்குள் எவ்வாறு முறை வைக்கலாம்?