சிறிய வண்டி, பெரிய பந்தயம்

1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குறைந்த எரிபொருளில் நால்வர் செல்லக்கூடிய மகிழுந்தை வடிவமைக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. நீளவாக்கில் பொருத்தப்பட்டு வந்த இயந்திரத்தை அவர் குறுக்காகத் திருப்பினார். பற்சக்கரப் பெட்டியை அதன் அடியில் வைத்தார். சக்கரங்களோ 10 அங்குலம்தான். இதனால், ஏறத்தாழ 3 மீட்டர் நீளமே உள்ள வண்டியில் பெரும்பகுதி பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. 1959இல் மினி விற்பனைக்கு வந்தது.

பொம்மை போன்ற அவ்வண்டி 1964இல் மோண்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. 1966இல் முதல் மூன்று இடங்களையும் மினி வண்டிகளே பிடித்தன. ஆனால், முகப்பு விளக்குகள் விதிப்படி இல்லை என்று மூன்றும் நீக்கப்பட்டன. விளக்குக்காகவா இத்தண்டனை? பழைய வண்டிப் பிரியர்கள் கூடினால் இவ்வழக்கு இன்றும் ஓயாது. மறு ஆண்டே மினி மீண்டும் வந்து வென்றது.