பசு அடித்த மணி

நான் பிறந்து வளர்ந்தது பைராம் தோட்டம், நிபோங் திபால் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் மனுநீதிச் சோழன் கதை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று வேகமாகச் சொல்லி முடித்தேன். இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு தங்கை கையைத் தூக்கினாள்.

“அண்ணே, அந்தப் பசு இன்னிக்கு நம்ம ஊரு கோர்ட்டுக்குப் போனா கேஸ் எடுப்பாங்களா?”

மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

முதலில் கதையைத் திரும்பப் படித்தேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருவாரூரின் பெருமையைச் சொல்லும்போது இதைச் சொல்கிறார். இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிச் செத்துப்போகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகன்மீதே தேரை ஓட்டுகிறான். கடைசியில் சிவபெருமான் காட்சி தந்து எல்லாரையும் எழுப்புகிறார். இலங்கையின் மகாவம்சமும் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றி இதே போன்ற கதையைச் சொல்கிறது. அங்கேயும் மணி, அங்கேயும் பசு.

இத்தனை வருடம் சொல்லியும் நான் கவனிக்காதது ஒன்று. அந்தப் பசுவுக்குச் சொந்தக்காரன் என்று கதையில் யாருமே வரவில்லை! எவனோ ஒருவன் வளர்த்த மாடாகத்தான் இருந்திருக்கும். ஆனால் “இது யார் மாடு? அவனைக் கூப்பிடு, கன்றின் விலையைக் கொடு” என்று அரசன் கேட்கவில்லை. நட்டம் பசுவுக்கு, ஆகவே வழக்கும் பசுவுடையது.

நம் நாட்டுச் சட்டம் வந்த வழி வேறு. 1860-இல் இந்தியாவுக்கு எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1871-இல் குற்றவியல் சட்டம் செய்தார்கள். விலங்குகளைக் கொல்வது, ஊனப்படுத்துவது பற்றிய 428, 429ஆம் பிரிவுகள் அதில் எந்த அத்தியாயத்தில் இருக்கின்றன தெரியுமா? சொத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில். இன்றைக்கும் அங்கேதான். பசுவைக் கொன்றவன் பசுவுக்குத் தீங்கு செய்தான் என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை, சொந்தக்காரனுக்குச் சேதம் உண்டாக்கினான் என்றே பார்க்கிறது. வேலியை உடைத்த மாதிரி. அதுவும் வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்திருக்க வேண்டும். நம் இளவரசன் தெரியாமல் செய்தவன், அவன்மேல் அந்தப் பிரிவுகூட ஒட்டாது.

வதைக்குத் தனிச் சட்டம் இல்லாமல் இல்லை. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் இருந்தது. அதில் உச்ச அபராதம் 200 வெள்ளி. நாயைப் பட்டினி போட்டுக் கொன்றவனும் 200 வெள்ளி கட்டிவிட்டுக் கைவீசிப் போகலாம். 2013-இல்தான் அதை 50,000 வெள்ளியாக ஏற்றினார்கள். பிறகு வந்தது 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம், 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வதை செய்தால் 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வளர்ப்பவருக்குக் கடமையும் உண்டு: தகுந்த இடம், தகுந்த தீனி, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு. இங்கே சட்டம் சொந்தக்காரனைப் பார்த்து, “உன் சொத்துக்கு நீ பதில் சொல்லு” என்கிறது. வதையைக் கண்டால் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். பசு மணி அடிக்க முடியாது, அதைப் பார்த்தவர் அடிக்கலாம். தங்கைக்கு என் பதில் இதுதான்.

இந்தியாவில் இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தார்கள். 2014-இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையை விலங்குகளின் உயிர் வரைக்கும் நீட்டிப் பேசியது. 2017 ஜனவரியில் மெரினா போராட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 2023-இல் ஐந்து நீதிபதிகள் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் செல்லும் என்றார்கள், விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதை ஏற்கவில்லை. கைதட்டியபோது காளைக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. மாட்டைப் பிள்ளையாக வளர்க்கிறவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

சரி, சொந்தக்காரனே இல்லாத பிராணி? 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது, பிராணி நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அரசின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், அறிகுறி தெரிந்துவிட்டால் அந்த நோயிலிருந்து பிழைப்பவர் அரிது. ஆனால் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி. கழுத்துப் பட்டையும் லைசென்ஸும் உள்ள நாய்க்காகப் பேச வீட்டில் ஆள் உண்டு. மற்றதற்கு?

அடுத்த வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன்.

எனக்குப் பதினொரு வயது. எங்கள் லயத்தில் ஒரு செவலை நாய். யாரும் வாங்கியதில்லை, எல்லார் வீட்டுச் சோறும் தின்னும். பாட்டி மீன் தலையைத் தனியாக எடுத்து வைப்பார். நான் பள்ளிக்கூடம் போனால் பெரிய சாலை வரைக்கும் கூடவே வரும். ஒருநாள் சாயங்காலம் லாரியில் ஆட்கள் வந்தார்கள், துப்பாக்கியோடு. ஒருவர் எங்கள் வாசலில் நின்று கேட்டார்.

“யாரு நாய் இது?”

லைசென்ஸ் இல்லை. நம்முடையது என்றால் அபராதம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அப்பா தரையைப் பார்த்தார். பாட்டி உள்ளே போய்விட்டார். நாய் என் காலடியில்தான் நின்றது, வாலை ஆட்டிக்கொண்டு. அவர் என்னைப் பார்த்து, “உன் நாயா தம்பி?” என்றார்.

“இல்லீங்க.”

அதே தங்கைதான் கேட்டாள், “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?”

பயம்மா, வேற ஒண்ணும் இல்ல என்றேன். அவள் சிரிக்கவில்லை, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மண்டபத்துப் படியில் எப்போதும் படுத்திருக்கும் கறுப்பு நாயைக் காட்டி, “இதுக்கு யாருண்ணே லைசென்ஸ் எடுக்கறது?” என்று கேட்டாள்.